ஆறு சிலிண்டருக்கும் சமபங்கு எப்படி?

1906-ஆம் ஆண்டில் அறிமுகமான ரோல்ஸ்-ராய்ஸ் 40/50 மோட்டார் வண்டியில், மும்மூன்றாக இரு தொகுதிகளாய் வார்க்கப்பெற்ற ஆறு சிலிண்டர்களுக்கும் ஒரே கார்புரேட்டர்தான் எரிபொருள் வழங்கியது. அவ்வாறிருந்தும் அவ்வண்டி அதிர்வின்றி ஓடியது எங்ஙனம்?

கார்புரேட்டரின் குறுகிய கழுத்தைக் கடக்கும் காற்று வேகமடைய, வேகம் மிகுந்தவிடத்தில் அழுத்தம் குறைய, அக்குறைவால் இழுக்கப்படும் பெட்ரோல் நுண்துளை வழியே பீறிட்டுத் திவலைகளாகிறது. எடையில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 15 பங்கு காற்று என்பதே பூரண தகனத்துக்குரிய விகிதம். ஆயினும், ஆவியாகும் பெட்ரோல் சூழ்ந்துள்ள உஷ்ணத்தைக் கவர்ந்து, சிலிண்டர்களுக்குச் செல்லும் உறிஞ்சு குழாயைக் குளிரச் செய்வதால், எஞ்சிய திவலைகள் சுவரில் படிந்து வழிகின்றன. வளைவுகளில் காற்று எளிதாகத் திரும்ப, கனத்த திவலைகளோ நேரே சென்று மோதுகின்றன. ஒரு சிலிண்டர் மிகுதியாகப் பெற, மற்றொன்று பட்டினி கிடக்க, இயந்திரம் நடுங்குகிறது. ஆதலால்தான் உறிஞ்சு குழாயின் கிளைகளைச் சமச்சீராக அமைத்து, வளைவுகளை வழவழப்பாக்கி, வெந்நீரினாலோ புகைபோக்கியின் சூட்டினாலோ அதை இளஞ்சூடாக்கும் முறை வளர்ந்தது.

கோடையில் வேறொரு சிக்கல் உண்டு: சூடேறிய காற்று விரிந்து இலேசாவதால், அதே கொள்ளளவில் பிராணவாயு குறைந்து, கலவை செறிவாகிவிடும். மலையேறும்போதும் இதுவே நேரும். 1908-இல் பம்பாய்க்கும் கோல்ஹாப்பூருக்கும் இடையே மலைக்கணவாய்களைக் கடந்து நடந்த சோதனை ஓட்டத்தில் ரோல்ஸ்-ராய்ஸ் வென்றது. கலவையை ஓட்டுநரே கையால் திருத்தும் ஏற்பாடு அக்காலத்து வண்டிகளுக்கு அத்தியாவசியமாயிருந்ததன் காரணம், சூட்டாலும் உயரத்தாலும் கலவை இவ்வாறு செறிவாவதே.