ஒரே பெயர் இரண்டு கணக்கு ஆவது ஏன்?
கணிப்பொறியில் தமிழில் கணக்கு வைப்போர் கவனத்திற்கு



ஆடித்தபசுக்குச் சரக்கு இறக்கும் முன் நிலுவைப் பட்டியல் எடுக்கிறீர்கள். ஒரு சில்லறைக் கடைக்காரர் 40,000 ரூபாய் பாக்கி என்பது உங்கள் நினைவு. பட்டியலோ 25,000 என்கிறது. தேடிப் பார்த்தால், அதே பெயரில் சற்றுத் தள்ளி இன்னொரு கணக்கு, 15,000 ரூபாயுடன் நிற்கிறது. கண்ணுக்கு ஒரே பெயர். கணிப்பொறிக்கோ இரண்டு ஆள். இது குமாஸ்தாவின் தவறு அன்று. எழுத்துக் குறியீட்டில் உள்ள சிக்கல்.

சிக்கலின் வேர்

கணிப்பொறி எழுத்தை எழுத்தாக அறியாது. ஒவ்வொன்றையும் ஓர் எண்ணாகவே வைத்துக்கொள்ளும். பழைய முறையில் மொத்தம் 256 இடங்களே இருந்தன. அதில் முதல் 128 ஆங்கிலத்திற்கு. நம்முடைய 247 எழுத்துகளும் மிச்ச இடத்தில் அடங்காததால், கொம்பு, கால், சுழி என்று துண்டாக்கி அடுக்கினார்கள். எழுத்துரு தயாரித்த நிறுவனங்கள் தத்தம் விருப்பம்போல் அடுக்கின. எனவே ஒரு கடையில் தமிழாகத் தெரிந்தது, அந்த எழுத்துரு இல்லாத தணிக்கையாளர் அலுவலகத்தில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரிந்தது.

இதை ஒழுங்கு செய்ய, 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி, டேம், டேப் என்ற இரு குறியீடுகளும் தமிழ்99 விசைப்பலகையும் வந்தன. உலக மொழிகளின் எழுத்து முறைகளுக்குத் தனித்தனி இடம் தரும் யூனிகோடு 1991லேயே தமிழுக்கும் இடம் ஒதுக்கியிருந்தது. 2010 ஜூனில் தமிழக அரசு யூனிகோடையும் டேஸ்16 என்ற குறியீட்டையும் தரமாக அறிவித்தது. இன்று கைப்பேசி முதல் வங்கி வரை யூனிகோடுதான். ஆனால் பழைய வாடிக்கையாளர் பட்டியல் பழைய குறியீட்டிலேயே கிடக்கிறது. பில் போடும் மென்பொருள், கணக்கு மென்பொருள், குறுஞ்செய்திச் சேவை என்று ஒன்றோடொன்று இணைக்கும்போதுதான் வினை வருகிறது.

நான்கு கோளாறுகள்

1. பெயர் பிளவுபடுதல்: ‘ஸ்ரீ’ என்பதை யூனிகோடில் இரண்டு விதமாகப் பதியலாம். 2005இல் ‘ஶ’ என்ற எழுத்து சேர்க்கப்பட்டது முதல் இந்த நிலை. அம்பாள் பெயரில் கடை வைக்கும் நம் ஊரில், ‘ஸ்ரீ கோமதி’ என்று கடையில் ஒருவிதமாகவும் கைப்பேசியில் வேறுவிதமாகவும் பதிந்தால் கணக்கு இரண்டாகிவிடும். ‘கௌ’ என்பதைக் கொம்பு போட்ட ‘க’வும் தனி ‘ள’வுமாக அடித்தாலும் இதே கதிதான்.

2. பெயர் அறுபடுதல்: ‘சங்கரன்கோவில்’ நமக்கு 8 எழுத்து. யூனிகோடில் 13 குறிகள். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட். ஆக 39 பைட். பழைய மென்பொருளில் ஊர்ப் பெயருக்கு 30 பைட் ஒதுக்கியிருந்தால் ‘சங்கரன்கோவ’ என்று நின்றுவிடும்.

3. கொம்பு இடம் மாறுதல்: பழைய எழுத்துருவில் ‘கொ’ என்பதற்குக் கொம்பு முதலில், பிறகு ‘க’, அதன்பின் கால். யூனிகோடில் ‘க’தான் முதலில். இதை அறியாத மாற்றி மென்பொருள், கொம்பை முந்தைய எழுத்தோடு ஒட்டிவிடும்.

4. கிறுக்கலும் கேள்விக்குறியும்: பட்டியலை எக்ஸெலில் திறந்ததும் ஓர் எழுத்துக்கு மூன்று கிறுக்கல் வீதம் தெரிந்தால் பயம் வேண்டாம். அதைச் சேமிக்காமல் மூடுங்கள். கோப்பை இறக்குமதி வழியில் கொண்டுவந்து யூடிஎஃப்-8 என்று தேர்ந்தால் தமிழ் திரும்பும். ஆனால் எழுத்துகள் கேள்விக்குறியாகவே பதிவாகிவிட்டால், அந்தக் கோப்பிலிருந்து மீட்க வழியில்லை. பழைய நகல் ஒன்றே கதி.

கைக்கொள்ள வேண்டியவை

முதலாவதாக, கணக்கைப் பெயரால் பிரிக்காதீர்கள். ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவருக்கு அந்த 15 இலக்க எண், மற்றவருக்கு நீங்கள் தரும் வாடிக்கையாளர் எண். அதுவே பேரேட்டின் தலைப்பாகட்டும். பெயர் பார்வைக்கு மட்டும்.

இரண்டாவதாக, மென்பொருள் மாற்றும் முன் முழு நகல் எடுங்கள். மாற்றியபின் ஸ்ரீ, கொ, கோ, கௌ வரும் இருபது பெயர்களை நீங்களே படித்துப் பாருங்கள். பழைய மொத்த நிலுவையும் புதிய மொத்தமும் ரூபாய் பைசா வரை ஒத்து வரவேண்டும்; வாடிக்கையாளர் எண்ணிக்கையும் ஒத்து வரவேண்டும்.

மூன்றாவதாக, புது மென்பொருள் விற்க வருபவரிடம், தமிழ்ப் பெயர்களுடன் பட்டியலை வெளியே எடுத்து மறுபடி உள்ளே ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். பில் பிரிண்டரில் தமிழ் வருமா என்பதையும் அச்சடித்தே பாருங்கள். பல பிரிண்டர்களில் தமிழ் எழுத்து கிடையாது; மென்பொருள் அதைப் படமாக அனுப்பினால்தான் அச்சாகும்.

நான்காவதாக, பாக்கி நினைவூட்டும் குறுஞ்செய்தி ஆங்கிலத்தில் ஒன்றுக்கு 160 எழுத்து வரை போகும். தமிழில் 70 குறிகள்தான். ‘சங்கரன்கோவில்’ ஒன்றே 13 குறிகளைத் தின்றுவிடும். நீட்டினால் இரண்டு செய்திக்குக் கட்டணம். சுருக்கமாக எழுதுங்கள்.

நம் முன்னோர் சிட்டையையும் பேரேட்டையும் மாலையில் ஒத்துப் பார்க்காமல் கடையைப் பூட்டியதில்லை. கணிப்பொறி வந்தபின்னும் அந்த வழக்கத்தை விட்டுவிட வேண்டாம். தமிழில் கணக்கு வைப்பது நமக்குப் பெருமை. அதைப் பிழையின்றி வைப்பதே நமக்கு லாபம்.