பழைய காரின் வயது எங்கே தெரிகிறது?

ஜெர்மனியில் பழைய கார் விற்பவர்கள் விளம்பரத்தில் விரும்பி எழுதும் சொல் ஒன்று உண்டு: ‘கெப்ஃப்ளேக்ட்’. ‘நன்கு பராமரிக்கப்பட்டது’ என்பது அதன் பொருள். மெர்சிடிஸ்-பென்ஸ் 500 எஸ்.இ. என்னும் சொகுசுக் கார் ஒன்று இவ்வாறு விற்பனைக்கு வருவதாக வைத்துக்கொள்வோம். வண்ணப்பூச்சு பளபளக்கிறது. ஓடிய தூரமும் குறைவு. நம்பி வாங்கலாமா?

இக்காரை உள்ளடக்கிய வரிசை 1979இல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் அறிமுகமாயிற்று. அடுத்த 12 ஆண்டுகளில் எட்டு லட்சத்திற்கும் மேற்பட்ட செடான் கார்கள் தயாராயின. உறுதியான கார்தான். ஆயினும் வேதியியல் எந்தக் காரையும் விட்டுவைப்பதில்லை.

முதலில் துருவைப் பார்ப்போம். இரும்பு, நீர், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்தால் துரு உண்டாகிறது. இது ஒரு மின்வேதி வினை. ஜெர்மனியில் குளிர்காலத்தில் சாலைப் பனியை உருக்க உப்புத் தூவுவார்கள். உப்பு நீர் மின்சாரத்தை நன்கு கடத்துவதால் துரு விரைந்து பரவுகிறது. துரு, தான் தோன்றிய இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆகவே அடியில் துரு பிடித்தால் மேலுள்ள பூச்சு கொப்புளம்போல் உப்பும். பின்கண்ணாடியின் கீழ் ஓரத்தையும், ஜாக்கி பொருத்தும் இடங்களையும் உற்றுப் பார்ப்பது இதற்காகவே.

அடுத்தது பிரேக் திரவம். இது காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சும் இயல்புடையது. ‘டாட் 4’ வகைத் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. ஏறத்தாழ 3.7 சதவீதம் நீர் கலந்துவிட்டாலோ, அந்த வரம்பு 155 டிகிரியாகக் குறைகிறது. ஆல்ப்ஸ் மலைச் சரிவில் தொடர்ந்து பிரேக் போட்டபடி இறங்கும்போது என்ன நேரும்? வெப்பத்தால் திரவம் கொதித்து ஆவிக் குமிழ்கள் தோன்றும். திரவத்தை அழுத்தினால் சுருங்காது, ஆவியோ சுருங்கிவிடும். காலால் மிதித்த விசை சக்கரத்தை எட்டாது. பளபளக்கும் கார் நிற்காமல் ஓடும்! இத்திரவத்தை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதனால்தான்.

மூன்றாவது ஆபத்து என்ஜினுக்குள் இருக்கிறது. இக்காரின் எட்டு சிலிண்டர் என்ஜினில் வால்வுகளை இயக்குவது ஒரு சங்கிலி. அது விலகாமல் ஓட பிளாஸ்டிக் வழிகாட்டிகள் உண்டு. பல ஆண்டு வெப்பத்தில் பிளாஸ்டிக் நொறுங்கும் தன்மை அடைகிறது. அது உடைந்தால் சங்கிலி நிலை தவறும். வால்வும் பிஸ்டனும் மோதி என்ஜின் பாழாகலாம்.

இவற்றுள் துருவும் திரவத்தில் சேரும் ஈரமும் கார் ஓடாமல் நின்றாலும் வளர்பவை. நெடுநாள் நின்ற காரில் ரப்பர் வளையங்கள் இறுகி எண்ணெய் கசியும். டயரின் பள்ளங்கள் ஆழமாக இருந்தாலும் ரப்பர் வெடித்திருக்கும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். ‘0312’ என்றிருந்தால் அது 2012ஆம் ஆண்டின் மூன்றாம் வாரத்தில் செய்யப்பட்டது. ஆகவே, ‘குறைவாக ஓடியது’ என்பது நற்சான்று ஆகாது.

இதற்கு மாறாக, கிரேக்க டாக்சி ஓட்டுநர் ஒருவரின் 1976ஆம் ஆண்டு மெர்சிடிஸ் 240 டி கார் 46 லட்சம் கிலோமீட்டர் ஓடியது! என்ஜினை மாற்றியும் பழுதுபார்த்தும் அவர் அதை ஓட்டினார். 2004இல் அது தயாரித்த நிறுவனத்தின் அருங்காட்சியகத்தைச் சென்றடைந்தது.

30 ஆண்டுகளைக் கடந்து, நல்ல நிலையிலும் மூல வடிவிலும் உள்ள கார்களுக்கு ஜெர்மனியில் 1997 முதல் ‘எச்’ என்னும் எழுத்துடன் கூடிய தனி எண் பலகை வழங்கப்படுகிறது. அதுவும் நல்ல அடையாளமே. அதைவிடச் சிறந்த சான்று பராமரிப்பு ஏடு. எந்த நாளில் எந்தத் திரவம் மாற்றப்பட்டது, எப்போது சங்கிலி சோதிக்கப்பட்டது என்று அதில் இருக்க வேண்டும். வாங்க வந்தவர் முதலில் கேட்க வேண்டியது காரின் சாவியை அன்று, அந்த ஏட்டைத்தான்.