தொடர்வண்டிப் பாவனை விளையாட்டுகளில் பிரேக் கோளாறுகள்

தொடர்வண்டிப் பாவனை விளையாட்டு என்பது கணினியில் எஞ்சின் ஓட்டிப் பழக உதவும் மென்பொருள் ஆகும். மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் ட்ரெயின் சிமுலேட்டர் 2001-இல் வெளியானது. அதன் வழித்தடங்களையும் வண்டிகளையும் இயக்கக்கூடிய ஓப்பன் ரெயில்ஸ் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் பிரேக், உண்மையான வண்டியில் உள்ளதைப் போலவே காற்றழுத்தக் கணக்கின்படி இயங்குகிறது. எனவே வண்டி நகராமலோ நிற்காமலோ போனால், பெரும்பாலும் அது மென்பொருள் பிழையாக இருப்பதில்லை.

காற்றுப் பிரேக் இயங்கும் முறை

இந்திய வண்டிகளில் எஞ்சினின் முதன்மைத் தொட்டியில் காற்று சதுர செ.மீ.க்கு 8 முதல் 10 கிலோ அழுத்தத்தில் சேமிக்கப்படுகிறது. அங்கிருந்து பிரேக் குழாய் வழியாகக் கடைசிப் பெட்டி வரை 5 கிலோ அழுத்தத்தில் செல்கிறது. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு துணைத் தொட்டியும் பிரேக் உருளையும் உண்டு.

குழாயில் அழுத்தம் குறைந்தால் பிரேக் பிடிக்கும். 5 கிலோவுக்குத் திரும்பினால் விடும். "காற்று இல்லாவிட்டால் பிரேக் இல்லை" என்று மாணவர் பலர் நினைப்பதற்கு இது நேர்மாறானது. குழாய் அறுந்தாலும் வண்டி தானே நிற்பதற்காகவே ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1872-இல் இம்முறையை வகுத்தார்.

கோளாறுகளும் தீர்வுகளும்

* வண்டி நகரவில்லை: குழாய் அழுத்தம் 5 கிலோ (சுமார் 71 பிஎஸ்ஐ) ஆகும்வரை காத்திருக்க வேண்டும். நீண்ட சரக்கு வண்டிக்கு நேரம் பிடிக்கும். எஞ்சினின் தனிப் பிரேக், கைப்பிரேக், அவசரப் பிரேக் ஆகியவை விடுபட்டுள்ளனவா என்றும் பார்க்க வேண்டும்.
* அழுத்தம் ஏறவில்லை: முதன்மைத் தொட்டியின் அளவைப் பார்க்க வேண்டும். அது சரியாக இருந்தால், குழாய் இணைக்கப்படாமலோ கடைசிப் பெட்டியின் வால்வு திறந்தோ இருக்கலாம்.
* வண்டி நிற்கவில்லை: இடையில் ஒரு வால்வு மூடியிருந்தால் அதற்குப் பின்னுள்ள பெட்டிகளில் பிரேக் பிடிக்காது. அடுத்தடுத்துப் பிடித்து விடுவதாலும் துணைத் தொட்டிகள் வற்றிப்போகும்.
* சிறிது தளர்த்தினாலே பிரேக் முழுவதும் விடுகிறது: அமைப்புகளில் படிப்படியாக விடும் முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்திய வண்டிகளின் முறை அதுவே.

ஓப்பன் ரெயில்ஸில் எஃப்5 விசை தகவல் பலகையைத் திறக்கும். ஷிப்ட் விசையுடன் அதை அழுத்திப் பக்கங்களை மாற்றினால், பெட்டிவாரியான பிரேக் அளவுகளைக் காணலாம். ஷிப்டும் சாய்கோட்டு விசையும் சேர்ந்து பிரேக்கை உடனே தயார்நிலைக்குக் கொண்டுவரும். அவசரத்துக்கு இது உதவும். ஆனால் கோளாற்றின் காரணத்தை மறைத்துவிடும்.

சமவெளியும் சோதனையும்

2011-இல் திறக்கப்பட்ட நாகூர்–காரைக்கால் அகலப்பாதை போன்ற டெல்டாச் சமவெளித் தடங்களில் இக்குறைகள் எளிதில் வெளிப்படுவதில்லை. மெதுவாகச் செல்லும் வண்டியை எஞ்சின் பிரேக்கே நிறுத்திவிடும். அதே வண்டி மலைச்சரிவில் இறங்கும்போதுதான் குறை தெரியும்.

உண்மை வாழ்வில் இதன் விலை பெரிது. 1988 ஜூன் 27 அன்று பாரிசின் லியோன் நிலையத்தில் பிரேக் குழாய் வால்வு தவறுதலாக மூடப்பட்டிருந்த வண்டி மோதி 56 பேர் இறந்தனர். 2024 பிப்ரவரி 25 அன்று ஜம்மு பகுதியின் கதுவாவில் நின்ற சரக்கு வண்டி, ஓட்டுநர் இன்றிச் சுமார் 70 கி.மீ. ஓடியது, உயிர்ச்சேதம் இல்லை.

எனவே புறப்படுமுன் பிரேக்கைச் சிறிது பிடித்து, கடைசிப் பெட்டியில் அழுத்தம் குறைகிறதா என்று பார்க்க வேண்டும். விட்டபின் அது மீண்டும் ஏறினால், குழாய் முழுவதும் தொடர்பில் இருக்கிறது என்று பொருள்.