கையெழுத்துப் போடுமுன் கணக்குப் பார்ப்போம்

மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி. இந்தப் பெயர்களைச் சொன்னால் பலருக்குக் குளிரும் தேயிலையும் நினைவுக்கு வரும். நமக்கு நினைவுக்கு வருவது 1999 ஜூலை 23. கூலி உயர்வு கேட்டுச் சிறைக்குப் போன தோட்டத் தொழிலாளர்களை விடுவிக்கச் சொல்லி, நெல்லையில் ஊர்வலம் வந்தவர்கள் மீது காவல்துறை தடியடி நடத்தியது. தாமிரபரணிக் கரையில், ஒரு கைக்குழந்தை உட்பட 17 பேர் இறந்தார்கள்.

கால் நூற்றாண்டு கழித்து அதே மலையில் வேலையே இல்லாமல் போனது. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து பாம்பே பர்மா நிறுவனம் 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த நிலம் அது. குத்தகை 2028இல் முடியும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் 2024 நடுவிலேயே விருப்ப ஓய்வுப் படிவம் வந்தது, கொழுந்து பறிப்பு நின்றது. தலைமுறை தலைமுறையாக அங்கே உழைத்தவர்களுக்கு, பெரும்பாலும் தலித் குடும்பங்களுக்கு, முடிவெடுக்கக் கிடைத்தவை சில வாரங்களே. தோட்டத்தை அரசின் தேயிலைத் தோட்டக் கழகம் ஏற்று நடத்த வேண்டும் என்ற கோரிக்கையை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2024 டிசம்பரில் ஏற்கவில்லை. மறுவாழ்வு உதவிகளைச் செய்து தருமாறு அரசுக்குச் சொன்னது.

இது மலையோடு முடிகிற கதை அல்ல. 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன்பு ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத் தூய்மைப் பணியாளர்கள் இரவு பகலாக உட்கார்ந்ததும் இதே அச்சத்தால்தான். ஆண்டுக்கணக்கில் குப்பை அள்ளிய வேலை தனியார் கைக்குப் போகிறது என்றால், நம் பணிக்காலம் என்ன ஆகும் என்பதே அவர்கள் கேள்வி.

வேலையோடு போகிறவை

நிலம் உள்ளவருக்கு வேலை போனால் வருமானம் போகும். நிலமில்லாத நம்மவருக்கு அதோடு குடியிருக்கும் லயன் வீடும், பிள்ளைகளின் பள்ளியும், ரேஷன் கடையும் சேர்ந்து போகின்றன. இன்னொன்றும் போகிறது. மலையிலும் மில்லிலும் அடக்குமுறை இருந்தது. ஆனாலும் மாதச் சம்பளம் இருந்ததால் ஊர்ப் பெரியவர் வாசலில் போய்க் கூலிக்கு நிற்க வேண்டியிருக்கவில்லை. தாத்தா எந்த ஊரின் சாதிக்கொடுமைக்குப் பயந்து வெளியேறினாரோ, அதே ஊருக்குப் பேரன் வெறுங்கையோடு திரும்பினால் இழப்பு சம்பளத்தோடு நிற்காது.

1938இல் மன்மாடில் தாழ்த்தப்பட்ட ரயில்வே தொழிலாளர்களிடம் பேசிய அம்பேத்கர், பார்ப்பனியம், முதலாளித்துவம் இரண்டையுமே உழைப்பவரின் எதிரிகளாகச் சொன்னார். ஆட்குறைப்பு வரும்போது இவ்விரண்டும் ஒரே நாளில் நம் வீட்டுக் கதவைத் தட்டுகின்றன.

விருப்பமா, குறைப்பா?

படிவம் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது தலைப்பு. ஆட்குறைப்பு என்றால் நிர்வாகம் ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம் தர வேண்டும். ஓராண்டுப் பணிக்கு 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடாகத் தர வேண்டும். கடைசியாகச் சேர்ந்தவரை முதலில் அனுப்புவதே பொது விதி. ‘விருப்ப ஓய்வு’ என்று கையெழுத்திட்டால் அது ஆட்குறைப்புக் கணக்கில் வராது. ஒப்புக்கொண்ட தொகையே கிடைக்கும். அது கூடுதலாகவும் இருக்கலாம், குறைவாகவும் இருக்கலாம். இரண்டையும் எழுதி வைத்துக் கூட்டிப் பார்க்காமல் பேனாவைத் தொடக் கூடாது.

ஆட்குறைப்புக்கு அரசின் முன் அனுமதி பெறும் கட்டாயம் முன்பு 100 பேர் வேலை செய்யும் ஆலைக்கும் தோட்டத்துக்கும் இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு அதை 300 ஆக உயர்த்திவிட்டது. சிறிய இடங்களில் வேலை செய்வோர் சங்கமாகச் சேர்ந்து பேசுவது முன்னைவிட அவசியமாகியிருக்கிறது.

பணிக்கொடை தனி. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து மாதம் 13,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதை 26ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 500. அதை 15ஆல் பெருக்கினால் ஓராண்டுக்கு 7,500. இருபது ஆண்டு உழைத்தவருக்கு 1,50,000 ரூபாய். இது நிர்வாகம் மனமிரங்கித் தருவதல்ல, உழைத்து ஈட்டிய பாக்கி. முப்பது நாளில் தராவிட்டால் தொழிலாளர் துறையில் மனுச் செய்யலாம்.

பி.எஃப். கணக்கில் நம் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரோடு ஒத்துப்போகின்றனவா என்று இப்போதே பார்க்க வேண்டும். ஓய்வூதியத் திட்டத்தில் பத்தாண்டு முடித்தவருக்கு 58 வயதில் மாத ஓய்வூதியம் உண்டு.

பழைய காகிதம்தான் சொத்து

ஒப்பந்ததாரர் மாறும்போதெல்லாம் நம்மைப் புதிதாகச் சேர்ந்தவராகக் காட்டுவது வழக்கம். அதை மறுக்க நம்மிடம் சான்று வேண்டும். சம்பளச் சீட்டு, அடையாள அட்டை, வருகைப் பதிவின் நகல், இ.எஸ்.ஐ. அட்டை, வங்கிப் புத்தகம் எதையும் தூக்கிப் போட வேண்டாம். தகரப் பெட்டியில் ஒன்று, கைப்பேசியில் படமாக ஒன்று என வைத்துக்கொள்வோம். வீடு கம்பெனியுடையது, நிலம் அரசுடையது. உழைத்த ஆண்டுகள் மட்டுமே நம்முடையவை. அவற்றை மெய்ப்பிப்பது இந்தக் காகிதங்கள்தான்.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்று ஒதுங்க வேண்டியதில்லை. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணிலும் பேசலாம். குடியிருப்பைக் காலி செய்யும் நாள் வரை காத்திராமல், ஆதிதிராவிடர் நலத்துறையில் வீட்டுமனைப் பட்டாவுக்கு இப்போதே மனுக் கொடுத்து, ரசீது வாங்கி வைக்க வேண்டும். சுயதொழில் செய்ய நினைப்போர் மானியக் கடனுக்குத் தாட்கோவை அணுகலாம். கைக்கு வந்த மொத்தத் தொகையை வட்டிக்காரருக்கும் சடங்குக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டால், அடுத்த ஆண்டுப் படிப்புச் செலவுக்குக் கடன் வாங்க நேரிடும்.

மாணவர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. அம்மாவோ அப்பாவோ இருபது ஆண்டாகக் கைநாட்டு வைத்த காகிதங்களை இந்த ஞாயிற்றுக்கிழமை எடுத்து வரிசைப்படுத்துங்கள். மேலே சொன்ன கணக்கை உங்கள் வீட்டுச் சம்பளத்துக்குப் போட்டுப் பாருங்கள். குடும்ப வருமானம் குறைந்தால் புதிய வருமானச் சான்றிதழ் வாங்கி, உதவித்தொகை விடுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டில் படிக்கத் தெரிந்தவர் இல்லை என்றால் அங்கேயும் போய் உட்காருங்கள். படிவம் எந்த நாளில் வரும் என்பது நம் கையில் இல்லை. வரும்போது அதைப் படித்துச் சொல்ல வீட்டில் ஓர் ஆள் இருப்பது நம் கையில் இருக்கிறது.