ஜன்னல் சுரண்டிய கதை

நம் சங்கத்துப் பொங்கல் விழாவுக்கு மேடை போடும்போது, ஒயர் இழுப்பதில் தொடங்கி மைக் கட்டுவது வரை "அதை இப்படிப் பிடிக்காதே, இதை அங்கே வைக்காதே" என்று பையன்களை விரட்டிக்கொண்டிருக்கும் ஒரு வழுக்கைத் தலைக்காரரை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அது நான்தான். தானாவில் ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் 32 வருஷம் இருந்துவிட்டு 2014-ல் ஓய்வு பெற்றேன். மின்கருவிகளை வீட்டில் பாதுகாப்பாகக் கையாள்வது பற்றி எழுதித் தாருங்கள் என்று ஆசிரியர் குழுவினர் கேட்டபோது, சரியான ஆளைத்தான் பிடித்திருக்கிறோம் என்று நினைத்திருப்பார்கள். இரண்டு வருஷத்துக்கு முன் கேட்டிருந்தால் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

மாட்டுங்காவில் நாங்கள் குடியிருக்கும் கட்டடம் 1952-ல் கட்டியது. பழைய பகடி வீடு. என் அப்பா பிடித்த வீட்டில் நான் இருக்கிறேன். இப்போது மகனும் மருமகளும் பேரனும் இருக்கிறார்கள். ஜன்னல்கள் எல்லாம் நல்ல தேக்கு. ஆனால் தேக்கு என்று யாராவது சொன்னால்தான் தெரியும். எழுபது வருஷப் பெயின்ட் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, கொக்கி மாட்டக்கூட முடியாத அளவுக்குத் தடித்துப் போயிருந்தது. 2023 தீபாவளிக்கு முன்பு, அதையெல்லாம் சுரண்டி எடுத்துவிட்டு வார்னிஷ் அடிக்கலாம் என்று எனக்கு ஆசை வந்தது. மிஸ்திரி கேட்ட கூலி மகனுக்குப் பிடிக்கவில்லை. "ஒரு ஹீட் கன் வாங்கித் தர்றேன், நீங்களே செய்யுங்கப்பா" என்றான். மறுநாளே பெட்டி வீட்டுக்கு வந்துவிட்டது.

பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். தலை உலர்த்தும் டிரையரைப் போலவேதான் இருக்கும். உள்ளே ஒரு சுருள் கம்பி, பின்னால் ஒரு சின்ன விசிறி. உருவத்தில் அண்ணன் தம்பி, குணத்தில் சம்பந்தமே இல்லை. ஹீட் கன்னின் மூக்கிலிருந்து வரும் காற்று சாதாரணமாக 300 டிகிரி செல்சியஸ்; கூடுதல் நிலையில் வைத்தால் 500, 600 வரை போகும். நெருப்பு கண்ணுக்குத் தெரியாது என்பதால் கைக்குப் பயம் வருவதில்லை. நிறுத்திய பிறகும் அந்த மூக்கு பல நிமிஷம் சுடும். மெத்தை மேலோ செய்தித்தாள் மேலோ கிடத்தக் கூடாது. நிமிர்த்தி நிற்க வைத்து, ஆறிய பிறகுதான் உள்ளே எடுத்து வைக்க வேண்டும்.

முதல் நாளே ஒரு பாடம். எங்கள் ஹீட் கன் 1800 வாட். நம் மும்பையில் வரும் 230 வோல்ட்டால் வகுத்தால் ஏறக்குறைய 8 ஆம்பியர். ஹாலில் இருந்தது டி.வி. மாட்டும் சின்ன பிளக் பாயின்ட். அது 5 அல்லது 6 ஆம்பியருக்குத்தான். பிளக்கோடு வந்த பெரிய கால்கள் அதில் நுழையவில்லை. அது எதற்காக நுழையவில்லை என்று 32 வருஷம் மற்றவர்களுக்கு விளக்கிய நான், ஒரு மாற்று பிளக்கைச் சொருகி நுழைத்தேன். கால் மணி நேரத்தில் சுவிட்ச் போர்டிலிருந்து வாடை. தொட்டால் தோசைக்கல். பிறகு சமையலறையில் மிக்ஸிக்கும் கீசருக்கும் வைத்திருக்கும் 15 ஆம்பியர் பாயின்ட்டிலிருந்து தடித்த எக்ஸ்டென்ஷன் ஒயர் இழுத்தேன். அந்த ஒயரையும் சுருளோடு வைத்து ஓட்டக் கூடாது, முழுவதும் பிரித்துப் போட வேண்டும். சுருண்டிருந்தால் சூடு வெளியே போக வழியில்லாமல் உறை உருகிவிடும்.

இரண்டாம் நாள் இன்னொன்று. ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே விரல் அளவு இடைவெளி. சூடான காற்று அதன் வழியே வெளிப்பக்கம் போயிருக்கிறது. அங்கே, மும்பையில் எந்த ஜன்னலிலும் இருப்பதுபோல, புறா கட்டிவிட்டுப் போன கூடு. நான் வேலையை முடித்து, குளித்து, சாப்பிட்டு, கண் அசந்த பிறகு புகை வாடை. காய்ந்த குச்சியும் இறகும் உள்ளுக்குள்ளேயே கனன்றுகொண்டிருந்தன. ஒரு குடம் தண்ணீரோடு போயிற்று. ஹீட் கன் வேலையில் தீப்பிடிப்பது பெரும்பாலும் இப்படித்தான்: கண்ணெதிரே பிடிக்காது, சந்தில் கிடக்கும் தூசியிலும் குப்பையிலும் பதுங்கியிருந்து பிறகு கிளம்பும். அதனால் வேலை முடிந்த பிறகு ஒரு மணி நேரமாவது அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர் இருக்கட்டும். கண்ணாடி பதித்த சட்டம் என்றால் சூட்டைக் கண்ணாடிமேல் விடக் கூடாது, விரிசல் விட்டுவிடும். நான் ஒன்றை உடைத்தேன்.

இவ்வளவும் சில்லறைத் தவறுகள். பெரிய தவற்றுக்கு வருகிறேன்.

வேலை அவ்வளவு சுகமாக இருந்தது. ஹீட் கன்னை ஓரிடத்திலேயே நிறுத்தாமல் மெல்ல ஆட்டிக்கொண்டே போனால், பெயின்ட் அப்பளம் பொரிவதுபோல் கொப்பளித்து எழும். பட்டி போடும் தகட்டை அடியில் கொடுத்தால் நாடா நாடாகச் சுருண்டு விழும். மேலே பிரவுன், அதன் கீழே நீலம், அதன் கீழே என் தங்கை கல்யாணத்துக்கு 1971-ல் அப்பா அடிக்கச் சொன்ன பச்சை, அதற்கும் கீழே வெண்ணெய் நிறம். குடும்ப ஆல்பத்தைப் புரட்டுவதுபோல் இருந்தது. கண்ணாடி போட்டிருந்தேன், தோல் கையுறை போட்டிருந்தேன், பழைய பூட்ஸைக்கூடத் தேடி எடுத்து மாட்டியிருந்தேன். கீழே விழுந்த கலர் துணுக்குகளை இரண்டரை வயதுப் பேரன் பொறுக்கி டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தான். "தாத்தா, கலர்!" என்று காட்டுவான். மிச்சத்தை என் மனைவி துடைப்பத்தால் கூட்டி அள்ளுவாள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தபோது ஹால் முழுக்கப் பொடி.

மூன்றாம் நாள் மாலை, இரண்டாம் மாடியில் இருக்கும் குழந்தை மருத்துவர் மாடிப்படி ஏறும்போது திறந்திருந்த கதவு வழியாகப் பார்த்துவிட்டு நின்றார். மராத்திக்காரப் பெண்மணி. "காகா, இந்த பில்டிங் எந்த வருஷம் கட்டியது?" என்றார். பெருமையோடு சொன்னேன். அவர் குழந்தையின் கையிலிருந்த டப்பாவைப் பார்த்தார். பிறகு என் மருமகளைத் தனியே அழைத்துப் பேசினார். என்னிடம் பேசவில்லை.

பழைய எண்ணெய்ப் பெயின்ட்டில் ஈயம் உண்டு. நிறம் எடுப்பாக இருக்கவும் சீக்கிரம் காயவும் ஈயச் சேர்மங்களைக் கலப்பார்கள். மஞ்சள், பச்சை, சிவப்பு நிறங்களில் அதிகம். நம் நாட்டில் வீட்டுப் பெயின்ட்டில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது என்று 2016-ல்தான் விதி வந்தது, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னால் அடித்தது எதுவாக இருந்தாலும் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். சுவரில் ஒட்டியிருக்கும்வரை பெரிய தொல்லை இல்லை. சுரண்டினால் பொடி, தேய்த்தால் தூசி. சூடு சுமார் 500 டிகிரியைத் தாண்டினால் ஈயமே ஆவியாகிப் புகையோடு வரும். நான் வேலை சீக்கிரம் முடியட்டும் என்று கூடுதல் நிலையிலேயே ஓட்டிக்கொண்டிருந்தேன்.

பெரியவர்கள் விழுங்கும் ஈயத்தில் கொஞ்சம்தான் உடம்பில் சேரும். சின்னக் குழந்தைகளுக்கு அதைப்போல் நான்கைந்து மடங்கு சேரும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வளரும் மூளையைத்தான் அது தாக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. காய்ச்சல் இல்லை, வாந்தி இல்லை.

ரத்தம் எடுத்துப் பார்த்தோம். 100 மில்லி லிட்டரில் 5 மைக்ரோகிராமைத் தொட்டாலே எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்த வேண்டும் என்பது அளவு. பேரனுக்கு 7.2. அந்தக் காகிதத்தை மருமகள் என் முன் மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். "மாமா, பார்த்துக்கோங்க" என்ற இரண்டு சொல்தான். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

இந்த அளவுக்கு மருந்து கிடையாதாம். ஈயம் வரும் வழியை அடைப்பதுதான் சிகிச்சை; இரும்புச் சத்தும் கால்சியமும் உள்ள சாப்பாடு கொடுக்கச் சொன்னார். குழந்தையும் அவன் அம்மாவும் செம்பூரில் சம்பந்தி வீட்டுக்குப் போனார்கள். நானும் என் மனைவியும் வீட்டை ஈரத் துணியால் துடைத்தோம், தரை, சுவர், அலமாரி, பொம்மை, எல்லாம், ஒரு தடவை அல்ல, வாரக்கணக்கில். துடைப்பம் போட்டால் தூசி மறுபடி பறக்கும் என்பதால் துடைப்பமே தொடவில்லை. திரைச்சீலைகளைத் தூக்கி எறிந்தோம்.

ஆகவே பழைய வீட்டில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது: ஹீட் கன் எடுப்பதற்கு முன் பெயின்ட் எந்தக் காலத்தது என்று கேளுங்கள். பழசாக இருந்து, உரியாமல் நன்றாக ஒட்டியிருந்தால், சுரண்டவே வேண்டாம். அதன் மேலேயே புதுப் பெயின்ட் அடித்து மூடிவிடுங்கள். எடுத்தே ஆகவேண்டும் என்றால் தண்ணீர் தெளித்து ஈரமாகவே சுரண்டுங்கள், ஈரமாகவே தேயுங்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் வேலை முடிந்து துடைத்து முடிக்கும்வரை வேறு வீட்டில் இருக்கட்டும். தரையில் பிளாஸ்டிக் விரித்து, விழுந்ததை அதோடு சுருட்டிக் கட்டி எறியுங்கள். கைக்குட்டை கட்டிக்கொள்வதெல்லாம் மூக்குக்குக் காவல் ஆகாது. வேலை செய்த உடுப்பைத் தனியாகத் துவையுங்கள்.

மற்றக் கருவிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். டிரில்லில் எனக்குப் பயம் ஒயரைப் பற்றித்தான்: சுவருக்குள் ஓடும் ஒயர் சுவிட்ச் போர்டிலிருந்து பெரும்பாலும் நேர் மேலாகவோ கீழாகவோ பக்கவாட்டிலோ போயிருக்கும், அந்தக் கோட்டில் ஓட்டை போடாதீர்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வீட்டில் இல்லையென்றால் முதலில் அதைப் போடுங்கள். பிளக் இல்லாத ஒயரைத் தீக்குச்சி வைத்துச் சொருகும் மிஸ்திரியை வீட்டுக்குள் விடாதீர்கள்; நாக்தேவி தெருவில் கிடைக்காத பிளக்கா?

இனி கிரைண்டர். மாவரைப்பதல்ல, இரும்பும் டைல்ஸும் அறுக்கும் ஆங்கிள் கிரைண்டர். நாலு அங்குல டிஸ்க் நிமிஷத்துக்குச் சுமார் 11,000 சுற்று. கணக்குப் போட்டால் அதன் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அதை மூடியிருக்கும் காப்பு மூடியைக் கழற்றிவிட்டு வேலை செய்வது நம் ஊர் வழக்கமாகிவிட்டது. 1987-ல் எங்கள் பிரிவில் ஒரு ஃபிட்டர் அப்படித்தான் செய்தார். 'ஒரு நிமிஷ வேலைதானே' என்றார். டிஸ்க் வெடித்து இடது கண் போயிற்று. தொழிற்சாலைச் சட்டத்தில் கண் பாதுகாப்புக்கென்றே 35-ஆம் பிரிவு இருந்தது, கண்ணாடி ஸ்டோரில் அடுக்கி இருந்தது, எடுத்துப் போட்டுக்கொள்ளவில்லை. டிஸ்க்கின் நடுவிலுள்ள உலோக வளையத்தில் காலாவதித் தேதி அச்சிட்டிருக்கும், பாருங்கள். அதில் மரம் அறுக்கும் பல் சக்கரத்தை மாட்டவே மாட்டாதீர்கள். லுங்கி, துப்பட்டா, தொங்கும் சங்கிலி எதுவும் சுழலும் கருவி பக்கத்தில் கூடாது.

சூடு பட்டால் இட்லி மாவு, பேனா மை, பற்பசை எதுவும் வேண்டாம். குழாயைத் திறந்து, ஓடும் தண்ணீரில் 20 நிமிஷம். கடிகாரத்தைப் பார்த்து 20 நிமிஷம். மோதிரத்தை வீங்குவதற்கு முன் கழற்றிவிடுங்கள்.

தொழிற்சாலையில் நான் ஒழுங்காக இருந்ததற்குக் காரணம் எனக்கு மேலே ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது இப்போது தெரிகிறது. வீட்டில் வேலை செய்யும்போது யாரும் "நிறுத்துங்க" என்று சொல்வதில்லை. தாத்தாவுக்குத் தெரியாததா என்று விட்டுவிடுகிறார்கள். இப்போது என் மருமகளுக்கு அந்தப் பதவி. டிரில்லை எடுத்தால்கூட அவள் வந்து பார்த்துவிட்டுப் போவாள்.

மூன்று மாதம் கழித்து எடுத்த ரத்தத்தில் 4.6. அடுத்த தடவை 3.1. பேரன் இந்த ஜூனில் ஸ்கூலில் சேர்ந்தான். வாய் ஓயாமல் பேசுகிறான், தமிழும் மராத்தியும் ஹிந்தியும் கலந்து. ஹால் ஜன்னலில் பாதி தேக்கு, பாதி பிரவுன் பெயின்ட். அந்தப் பாதிமேல் புதிதாக ஒரு கோட் அடித்து மூடியிருக்கிறேன். வருகிறவர்கள் எல்லோரும் ஏன் பாதியில் விட்டீர்கள் என்று கேட்கிறார்கள்.