மோசேயின் சட்டமும் கற்பிட்டிக் கரையும்

புத்தளம் மாவட்டத்துக் கற்பிட்டித் தீபகற்பத்திலே, தலவில என்னும் ஊரிற் புனித அன்னம்மாள் திருத்தலம் உள்ளது. மரியன்னையின் தாயென மரபு போற்றும் அவ்வம்மையார் யூதகுலப் பெண். மோசேயின் சட்டத்தைக் கைக்கொண்ட மக்களுள் ஒருவர். செட்டையும் செதிலும் இல்லாத நீர்வாழ்வன உண்ணத்தகாதன என்பது அச்சட்டம் (லேவியராகமம் 11). ஆயின், அவரை வணங்கும் இக்கரைக் கத்தோலிக்க மீனவரோ இறால், நண்டு, கணவாய் ஆகியவற்றைப் பிடித்து விற்றும் உண்டும் வாழ்கின்றனர். இது முரணன்றோ எனின், அன்று.

இதற்கு விடை அப்போஸ்தலர் நடபடிகளில் (10) உண்டு. தாமும் மீனவராயிருந்த பேதுரு, யோப்பாப் பட்டினத்திலே, விலக்கப்பட்ட உயிர்களை உண்ணுமாறு பணிக்குங் காட்சியொன்றைக் கண்டார். எம்மனிதரையும் தீட்டுடையவரெனத் தள்ளலாகாது என்பதே அதன் கருத்தென உணர்ந்து, உரோமப் படைத்தலைவன் கொர்நேலியுவின் இல்லம் புகுந்தார். உணவு வேலி வீழ்ந்தது, மனிதரைப் பிரித்த வேலி வீழ்தற்பொருட்டேயாம்.

13ஆம் நூற்றாண்டிலே தோமஸ் அக்குவினாஸ் என்னும் அறிஞர் பழைய சட்டத்தை ஒழுக்கவிதி, சடங்குவிதி, நீதிவிதி என மூவகைப்படுத்தினார். உணவு விலக்குச் சடங்குவிதியின்பாற்படும். அது கிறிஸ்துவின் வருகையோடு நிறைவெய்தி ஒழிந்தது. ஒழுக்கவிதியோ என்றும் நிலைபெறுவது என்றார்.

அதே லேவியராகமம் (19), கூலியாளின் ஊதியத்தை விடியுமளவும் வைத்திருத்தலாகாது என்கின்றது. யாக்கோபின் நிருபமும் (5) ஊதியத்தை வஞ்சித்தலைக் கடிகின்றது. அது வானை நோக்கி முறையிடும் பாவமெனத் திருச்சபை கற்பிக்கின்றது. ஆகவே, இறாலுக்கிருந்த விலக்கு நீங்கிற்று. அவ்விறாலுக்கு வலையிழுத்தவனுக்குரிய கூலியைப் பற்றிய கடமை நீங்கவில்லை. பழைய சட்டம் இன்றைய கிறிஸ்தவரை வினாவுவது இவ்விடத்திலேயே என்க.