இடுப்புப் பிடிப்பு: செய்யத்தக்கனவும் தவிர்க்கத்தக்கனவும்

கம்பம் பள்ளத்தாக்கின் இருபோக நிலங்கள் 14,707 ஏக்கர். பெரியாற்று நீர் திறக்கப்பட்டு நடவு தொடங்கியதும், நாற்று நடுவோர் நாள் முழுதும் குனிந்தே நிற்கின்றனர். சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டித் திராட்சைத் தோட்டங்களில் பழப்பெட்டிகளையும், சின்னமனூர்ப் பக்கத்தில் வாழைத்தார்களையும் தூக்கிச் சுமக்கின்றனர். ஆண்டிபட்டி, சக்கம்பட்டிப் பகுதிகளிலோ நெசவாளர் தறியின் முன் மணிக்கணக்கில் அமர்ந்திருக்கின்றனர். தொழில்கள் வேறாயினும் இவர்கள் அனைவருக்கும் பொதுவாய் வரும் உபாதை ஒன்று உண்டு. அதுவே இடுப்புப் பிடிப்பு.

நெய்த அளவுக்கே கூலி பெறும் நெசவாளருக்கும், அன்றாடக் கூலியை நம்பியுள்ள தோட்டத் தொழிலாளருக்கும் இது சிறு சங்கடமன்று. பத்து நாள் படுத்தால் பத்து நாள் வருவாய் போயிற்று. வலியைப் பொருட்படுத்தாது மறுநாளே பாரம் தூக்கினாலோ, விரைவில் தீர வேண்டிய வலி நீண்டுவிடக் கூடும். இவ்விரண்டு தவறுகளுக்கும் நடுவே உள்ள வழியை அங்கத்தினர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிடிப்பு என்பது யாது?

நமது இடுப்புப் பகுதியில் ஐந்து முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்துள்ளன. அவற்றைச் சுற்றித் தசைகளும் தசைநார்களும் கட்டுக்கோப்பாக நிற்கின்றன. பழக்கமில்லாத பாரத்தைத் தூக்கும்போதோ, தூக்கியபடியே உடலைத் திருப்பும்போதோ, நெடுநேரம் குனிந்திருக்கும்போதோ இவற்றில் சில இழைகள் அளவுக்கு மீறி இழுபட்டு நோகின்றன. உடனே சுற்றியுள்ள தசைகள் அவ்விடத்தைக் காக்கும் பொருட்டு இறுகிக்கொள்கின்றன. குனிந்தவர் நிமிர இயலாமல் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பது இதனாலேயே ஆகும்.

இதனை 'நரம்பு பிசகிவிட்டது', 'எலும்பு விலகிவிட்டது' என்று கூறிப் பலர் அஞ்சுகின்றனர். பெரும்பாலான பிடிப்புகளில் எலும்பு விலகுவதுமில்லை, நரம்பு பிசகுவதுமில்லை. சாதாரணப் பிடிப்புக்கு எக்ஸ்ரே படமும் தேவைப்படுவதில்லை. வலியே இல்லாதவர்களின் படங்களிலும் வயதினால் வரும் தேய்மானம் காணப்படுவதுண்டு. அதைக் கண்டு கலங்குவதால் பயனில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2020ஆம் ஆண்டில் உலகில் சுமார் 61.9 கோடிப் பேர் இடுப்புவலியால் வருந்தினர். புதிதாக வரும் பிடிப்பு பெரும்பாலும் சில வாரங்களில் தானே தணிந்துவிடுகிறது.

படுக்கை நல்லதா?

இடுப்புப் பிடித்தால் வாரக்கணக்கில் படுத்திருக்க வேண்டும் என்பது பழைய எண்ணம். மருத்துவர்களும் ஒரு காலத்தில் அவ்வாறே கூறிவந்தனர். 1986ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 203 நோயாளிகளிடம் ஓர் ஆராய்ச்சி நடைபெற்றது. ஒரு பகுதியினரை இரண்டு நாளும், மற்றொரு பகுதியினரை ஏழு நாளும் படுத்திருக்கச் சொன்னார்கள். ஏழு நாள் படுக்கச் சொல்லப்பட்டவர்களுக்கு அதனால் கூடுதல் நன்மை எதுவும் விளையவில்லை. அவர்கள் வேலைநாட்களை அதிகமாக இழந்ததே மிச்சம்.

1995ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி நகர ஊழியர் 186 பேரிடம் நடந்த ஆராய்ச்சி இன்னும் தெளிவானது. இரண்டு நாள் படுத்திருந்தோர், தேகப்பயிற்சி செய்தோர், வலி அனுமதிக்கும் அளவுக்கு வழக்கமான காரியங்களைச் செய்துவந்தோர் என மூன்று பிரிவினரை ஒப்பிட்டனர். மூன்றாம் பிரிவினரே விரைவில் நலமுற்றனர். ஆகவே, இக்காலத்து மருத்துவம் கூறும் அறிவுரை இதுதான்: வலி பொறுக்க முடியாதிருந்தால் ஓரிரு நாள் ஓய்வு கொள்ளலாம்; அதன்பின் படுக்கையை விட்டெழுந்து அளவாக நடமாட வேண்டும்.

முதல் இரண்டு நாட்கள்

மல்லாந்து படுத்து, முழங்கால்களின் கீழ் ஒரு தலையணை வைத்துக்கொண்டால் இடுப்புத் தசைகள் தளர்ந்து சுகம் காணும். ஒருக்களித்துப் படுப்போர் முழங்கால்களுக்கிடையே தலையணை வைத்துக்கொள்ளலாம். எழும்போது நேராக எழலாகாது. முதலில் ஒரு பக்கமாகத் திரும்பி, கால்களைக் கட்டிலின் வெளியே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழ வேண்டும். பாயில் படுப்பவர் ஒருக்களித்து, முழங்காலிட்டு, சுவரையோ நாற்காலியையோ பற்றி எழுவது நன்று. விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கு ஒரு முறையேனும் வீட்டுக்குள் சில நிமிடம் நடந்து வரவேண்டும்.

ஒத்தடம் நம் பாட்டிமார் கண்ட நல்ல வழி. உப்பையோ தவிட்டையோ வறுத்துத் துணியில் முடிந்து, 15 அல்லது 20 நிமிடம் ஒத்தடம் கொடுக்கலாம். நொச்சி இலையை வதக்கிக் கட்டுவதும் இவ்வூர்களில் வழக்கம். இவற்றில் சுகம் தருவது வெப்பமே. சூட்டைப் புறங்கையில் பார்த்துக்கொண்டு வைக்க வேண்டும். சர்க்கரை நோயால் தோலில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குச் சூடு தெரியாமல் கொப்புளம் உண்டாகக் கூடும். அவர்களுக்கு வேறொருவர் பார்த்துக் கொடுப்பதே பாதுகாப்பு.

எண்ணெய் தடவி மெதுவாக நீவுவதில் தீங்கில்லை. ஆனால் வலிக்கும் இடுப்பின்மீது உலக்கையை அழுத்தி உருட்டுவதும், ஒருவரை ஏறி மிதிக்கச் செய்வதும், வெடுக்கென்று திருகிச் சொடுக்கெடுப்பதும் வேண்டா. நொந்த இழைகளை இவை மேலும் நோகச் செய்யும். எலும்பு பலங்குன்றிய முதியோருக்கு முறிவும் நேரலாம்.

மாத்திரை விஷயத்திலும் எச்சரிக்கை தேவை. ஆஸ்திரேலியாவில் 1,600க்கு மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்து 2014ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியில், பாராசிட்டமால் மாத்திரை இடுப்புவலி தீரும் காலத்தைக் குறைக்கவில்லை என்று தெரிந்தது. இபுபுரூபன் போன்றவை ஓரளவு வலியைத் தணிக்கும். எனினும் வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, இருதய நோய், இரத்த அழுத்தம் உடையோரும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேளாமல் அவற்றை உட்கொள்ளலாகாது. பெயர் தெரியாத பொட்டல மருந்துகளை எவரும் தொடவே கூடாது.

மூன்றாம் நாள் முதல்

வலி சற்றுத் தணிந்ததும் எளிய அசைவுகளைத் தொடங்கலாம். மல்லாந்து படுத்து ஒரு முழங்காலை இரு கைகளாலும் மார்பை நோக்கி மெல்ல இழுத்துச் சில விநாடி நிறுத்தி விடுக. பின் மறு காலுக்கும் அவ்வாறே செய்க. அடுத்து, இரு முழங்கால்களையும் மடக்கிப் பாதங்களை ஊன்றி, முழங்கால்களை வலமும் இடமும் மெதுவாகச் சாய்க்கலாம். ஒவ்வொன்றையும் ஐந்து முதல் பத்து முறை, நாளுக்கு இருவேளை செய்தால் போதும். வலி காலுக்குள் இறங்கினால் உடனே நிறுத்திவிட வேண்டும்.

தொழிலுக்குத் திரும்புவோர் படிப்படியாகத் திரும்புக. நெசவாளர் அரைமணி நேரம் தறியில் அமர்ந்தால், எழுந்து சற்று நடந்துவிட்டு மீண்டும் அமரலாம். தோட்டத்தில் தரம் பிரித்தல் போன்ற இலகுவான வேலையை, இயன்றால் நின்றபடி, மேற்கொள்ளலாம். ஏலத்தோட்ட வேலைக்காகக் கம்பமெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக ஜீப்பில் மலையேறுவோருக்குக் குலுங்கும் பயணமே பெருந்துன்பமாகும். ஓரிரு நாள் கழித்துச் செல்வது உத்தமம்.

மருத்துவரிடம் விரைய வேண்டிய அறிகுறிகள்

1. சிறுநீர் கழிக்க இயலாமை, அல்லது மலசலம் அறியாமல் போதல்.
2. தொடையின் உட்புறமும் ஆசன வாய்ப் பகுதியும் மரத்துப்போதல்.
3. கால் பலமிழத்தல், அல்லது இரு கால்களிலும் மரமரப்பு.
4. மரத்திலிருந்தோ உயரத்திலிருந்தோ விழுந்தபின் வரும் வலி.
5. காய்ச்சல், உடல் மெலிவு, இரவிலும் ஓயாத வலி. முதுகெலும்பைக் காசநோய் தாக்குவதும் நம் நாட்டில் உண்டு.
6. புற்றுநோய் கண்டவருக்கு வரும் வலி.

முதல் மூன்றில் ஒன்று தோன்றினாலும் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. 108 எண்ணுக்குத் தெரிவித்து, க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைக்குச் செல்க. நரம்பு அழுந்தியிருந்தால் சில மணி நேரத் தாமதமும் நிரந்தர ஊனமாக முடியலாம். இவ்வறிகுறிகள் இல்லாதிருந்தும் இரண்டு மூன்று வாரங்களில் வலி குறையவில்லையெனில் மருத்துவரைக் காண்பது அவசியம்.

மீண்டும் வாராதிருக்க

சுவீடன் நாட்டு மருத்துவர் நாக்கெம்சன் 1960களில் முள்ளெலும்புகளுக்கிடையே உள்ள வட்டுகளின் அழுத்தத்தை அளந்தார். நிற்பதைவிட, முன்சாய்ந்து உட்காரும்போது அழுத்தம் மிகுவதை அவர் கண்டார். குழித்தறியில் அமர்வோர் இதனை மனத்திற்கொள்ள வேண்டும். கால் எட்டாமல் நீட்டி மிதிக்கும்படி குழி ஆழமாயிருந்தால் பலகை வைத்து உயர்த்துக. தறிக்கு அருகில் நகர்ந்து அமர்க. வெளிச்சம் போதாமையினாலும் உடல் முன்சாய்கிறது என்பதை மறவாதீர்.

பாரம் தூக்கும்போது முழங்காலை மடக்கி, பொருளை உடலோடு அணைத்துத் தூக்குக. திரும்ப வேண்டுமானால் இடுப்பைத் திருகாமல் கால்களை எடுத்து வைத்துத் திரும்புக. ஜி9 வாழைத்தார் 25 முதல் 30 கிலோ வரை எடையுள்ளது. விசைத்தறிக்குரிய பாவு பீமும் பெரும்பாரமே. இவற்றை இருவர் சேர்ந்து தூக்குவதே முறை. 16 லிட்டர் மருந்துத் தெளிப்பானில் நீர் மட்டுமே 16 கிலோ ஆகும். அதைத் தரையிலிருந்து முதுகில் ஏற்றாமல், இடுப்புயரத் திண்ணையில் வைத்துத் தோளில் மாட்டிக்கொள்க.

இவற்றுள் சிலவற்றைத் தனியொருவர் செய்ய இயலாது. சங்கம் செய்ய இயலும். நூல் சிப்பமும் பழப்பெட்டியும் ஏற்றிச் செல்லக் கிட்டங்கியில் ஒரு தள்ளுவண்டி, பெரும்பாரத்துக்கு இருவர் என்ற ஒழுங்கு, இடுப்பு நொந்த அங்கத்தினருக்குச் சில நாள் சேலை மடித்தல் போன்ற நின்று செய்யும் வேலை: இம்மூன்றுக்கும் செலவு சொற்பமே. உடல் நொந்தவர் கூலியை எண்ணி மறுநாளே பாரம் சுமக்கும் நிலை நேராமற் காப்பதும் கூட்டுறவின் பணிகளுள் ஒன்றன்றோ?